இறந்தவர்களுக்காக மன்றாடுவது: கத்தோலிக்க நம்பிக்கைக்கு ஓர் எளிய விளக்கம்

திருப்பலியில், அதாவது பூசையில், அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்த சிறிது நேரத்தில், குரு இறந்தவர்களை நினைவுகூர்கிறார். பூசையின் மையமான ஜெபத்துக்கு நற்கருணை மன்றாட்டு என்று பெயர்; அதன் பல வடிவங்களில் எதை எடுத்துக்கொண்டாலும் இந்த இடம் உண்டு. முதலாம் நற்கருணை மன்றாட்டில் அவர் கைகளைக் குவித்து, ஒன்றும் பேசாமல் சற்று நிற்பார். அந்தச் சில நொடிகள் பெயர்களுக்கானவை. குருவின் மனத்தில் சில பெயர்கள், பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருப்பவர்கள் மனத்தில் வேறு சில பெயர்கள். உலகம் முழுவதும், அன்றாடம், இது நடக்கிறது. சாதாரண நாள் பூசையிலும் நடக்கிறது, திருநாள் பூசையிலும் நடக்கிறது.

இறந்துபோனவருக்கு இனி நாம் என்ன செய்ய முடியும்? கடவுள் தீர்ப்பு சொல்லியாயிற்று என்றால் ஜெபம் எதற்கு? தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறோமா? புதிதாகக் கேட்பவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. தீர்ப்பை மாற்றும்படி யாரும் கேட்பதில்லை. ஜெபம் வேறொன்றுக்காக. அது புரிய, சாவுக்குப் பின் என்ன நடக்கிறது என்று திருச்சபை சொல்வதை முதலில் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சாவும் தீர்ப்பும்

மனிதர் ஒரே முறைதான் இறக்கிறார், பின்னர் தீர்ப்பு வருகிறது என்கிறது எபிரேயர் திருமுகம் (9:27). எனவே மறுபிறவி என்ற பேச்சுக்குக் கத்தோலிக்க நம்பிக்கையில் இடமில்லை. இறந்தவரின் ஆவி வீட்டைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் இடமில்லை. உயிர் பிரிந்த அந்தக் கணமே ஆன்மா கிறிஸ்துவின் முன்னிலையில் நிற்கிறது. இதற்குத் தனித்தீர்ப்பு என்று பெயர். வாழ்ந்த காலத்தில் அந்த மனிதர் கடவுளை ஏற்றுக்கொண்டாரா, மறுத்தாரா என்பது அங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. அதன் பிறகு மனம் மாறுவதற்கான அவகாசம் கிடையாது.

தனித்தீர்ப்புக்குப் பின் மூன்று வழிகள். கடவுளோடு முழு நட்பில், முழுத் தூய்மையோடு இறந்தவர் உடனே விண்ணகம் சேர்கிறார். கடவுளை முகமுகமாகக் காண்கிறார். உலக முடிவு வரை காத்திருக்கத் தேவையில்லை. 14-ம் நூற்றாண்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. திருத்தந்தை 22-ம் யோவான், நீதிமான்களின் ஆன்மாக்கள் உலக முடிவில் நடக்கும் பொதுத்தீர்ப்புக்குப் பிறகுதான் கடவுளை முழுமையாகக் காண்பார்கள் என்று மறையுரைகளில் சொல்லி, 1334-ல் சாவுப்படுக்கையில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12-ம் பெனடிக்ட் 1336-ல் இதை உறுதியாக வரையறுத்துவிட்டார்: காத்திருப்பு இல்லை.

இரண்டாவது நரகம். கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் கனமான பாவமாகிய சாவான பாவத்தில், கடைசிவரை மனம் திரும்பாமல், கடவுளைத் தானாகவே தள்ளிவிட்டு இறப்பவரின் நிலை. இது இருக்கிறது என்று திருச்சபை போதிக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்னார் விண்ணகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை பலரைப் புனிதராக அறிவித்திருக்கிறது; இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிக்கூட அறிவித்ததில்லை. அதனால்தான் எவருக்காகவும் ஜெபிக்க நமக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, உத்தரிக்கிற ஸ்தலம். இப்போது உத்தரிப்பு நிலை, தூய்மை பெறும் நிலை என்றும் சொல்கிறார்கள். கடவுளின் நட்பில்தான் இறந்தார், மீட்பு அவருக்கு உறுதி. ஆனாலும் உள்ளே சரியாக வேண்டியது இன்னும் இருக்கிறது. அது சரியாகும் நிலை இது. நம் ஜெபங்கள் போய்ச் சேர்வது இங்கே இருப்பவர்களுக்குத்தான். விண்ணகத்தில் இருப்பவருக்கு நம் உதவி தேவையில்லை. நரகத்தில் இருப்பவர் உதவியை ஏற்கும் நிலையில் இல்லை.

உலக முடிவில் உடல்கள் உயிர்த்தெழும். பொதுத்தீர்ப்பு நடக்கும். அதன் பிறகு உத்தரிக்கிற ஸ்தலம் இராது. விண்ணகமும் நரகமும் மட்டுமே நிலைத்திருக்கும். உடல் உயிர்த்தெழுதல் என்பதைப் பலர் மறந்தே விடுகிறார்கள். ஆன்மா மேலே போவதோடு கத்தோலிக்க நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவது சரீர உத்தானத்தை.

மன்னிப்பு கிடைத்த பின்னும் என்ன பாக்கி?

முழு விஷயமும் தங்கியிருக்கிற இடம் இது. மற்றவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போட்டாயிற்று. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, எக்ஸ்ரே படத்திலும் தெரிகிறது. ஆனால் கால் மெலிந்து கிடக்கிறது. முழங்கால் மடங்கவில்லை. ஊன்றினால் வலி. முறிவு குணமாகிவிட்டது என்பதும் உண்மை, இன்னும் நடக்க முடியவில்லை என்பதும் உண்மை. பயிற்சி செய்ய வேண்டும், அந்தப் பயிற்சி வலிக்கும். வலித்தாலும் அது தண்டனைக்காகத் தரப்படும் வலி அல்ல. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் தோள் கொடுத்தால் நடை சுலபமாகிறது.

பாவமும் இப்படித்தான் இரண்டு வேலை செய்கிறது. சாவான பாவம் கடவுளோடுள்ள உறவை முறிக்கிறது. குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் அந்த முறிவு குணமாகிறது, நித்திய தண்டனை நீங்குகிறது. ஆனால் எந்தப் பாவமும் உள்ளே ஒரு கோணலையும் விட்டுச் செல்கிறது. இருபது வருடம் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, மன்னிப்புக் கிடைத்த மறுநாளே நேராகிவிடுவதில்லை. இந்த எஞ்சிய விளைவைத்தான் அநித்திய தண்டனை, அதாவது நிரந்தரமல்லாத தண்டனை, என்கிறது திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி. கடவுள் வெளியிலிருந்து போடும் அபராதம் அல்ல அது. பாவத்தின் இயல்பிலிருந்தே வருவது என்று மறைக்கல்வி தெளிவாகவே சொல்கிறது. தவம், பொறுமையாகச் சுமக்கும் துன்பம், அன்புச் செயல்கள் ஆகியவற்றால் இதை இங்கேயே சரிசெய்ய முடியும். முடியாமல் போனது அங்கே சரியாகிறது. "தீட்டுப்பட்ட எதுவும்" புதிய எருசலேமுக்குள் நுழையாது என்கிறது திருவெளிப்பாடு (21:27). தோள் கொடுப்பதுதான் நம் ஜெபம்.

ஆகவே உத்தரிக்கிற ஸ்தலம் சிறிய நரகமும் அல்ல, தேர்வில் தோற்றவருக்குத் தரப்படும் இரண்டாம் வாய்ப்பும் அல்ல. அங்கே இருக்கும் ஒவ்வோர் ஆன்மாவும் விண்ணகம் சேர்வது உறுதி. ஜெனோவா நகரத்துப் புனித கத்தரீன், விண்ணகத்து மகிழ்ச்சிக்கு அடுத்தபடியான மகிழ்ச்சி அங்கே இருப்பவர்களுடையது என்று விளக்கினார். வேதனையும் உண்டு, அந்த மகிழ்ச்சியும் உண்டு. ஒன்று மற்றதைக் குறைப்பதில்லை.

அங்கே உண்மையாகவே நெருப்பு எரிகிறதா, எத்தனை வருடம் இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது? இவற்றுக்குத் திருச்சபை வரையறுத்த பதில் கிடையாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 ஆகஸ்ட் 4 அன்று, அது ஓர் இடத்தைவிட ஒரு நிலையையே குறிக்கிறது என்று விளக்கினார். திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் 2007-ல், எரித்துத் தூய்மையாக்கும் அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று சில இறையியலார் கருதுவதை எடுத்துக்காட்டி, அந்தச் சந்திப்பை நம் கடிகாரத்தால் அளக்க முடியாது என்று எழுதினார். லியோன் (1274), புளோரன்ஸ் (1439), திரெந்து (1563) ஆகிய பொதுச்சங்கங்களிலும், அதாவது திருச்சபையின் ஆயர்கள் கூடிய பெரும் கூட்டங்களிலும், இதைப் பற்றிப் பேசப்பட்டது. திரெந்து சங்கம் உறுதியாகச் சொன்னது இரண்டே இரண்டு: தூய்மை பெறும் நிலை இருக்கிறது, அங்கே உள்ள ஆன்மாக்களுக்கு விசுவாசிகளின் மன்றாட்டுகள், முக்கியமாகப் பீடத்தின் பலி, உதவுகின்றன. அதே ஆணையில், வெறும் ஆர்வத்தைத் தூண்டும் நுணுக்கக் கேள்விகளை எளிய மக்களுக்கான மறையுரைகளில் பேச வேண்டாம், மூடநம்பிக்கையையும் பணம் பறிப்பதையும் தடுத்துவிடுங்கள் என்று ஆயர்களுக்குக் கட்டளையும் இருக்கிறது. பயமுறுத்தும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த வரியைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேதத்தில் எங்கே?

உத்தரிக்கிற ஸ்தலம் என்ற சொல் விவிலியத்தில் இல்லை. இறந்தவர்களுக்காக மன்றாடும் பழக்கம் இருக்கிறது. 2 மக்கபேயர் 12-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போரில் செத்துப்போன வீரர்களை எடுத்து அடக்கம் செய்ய யூதா மக்கபேயும் ஆட்களும் போகிறார்கள். உடல்களைத் தூக்கும்போது ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் யாம்னியா ஊரின் சிலைகளுக்குரிய தாயத்துகள் கிடைக்கின்றன. சட்டம் தடைசெய்த பொருள். அவர்கள் செத்தது இதனால்தான் என்று எல்லோருக்கும் புரிகிறது. யூதா அவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. எல்லோரையும் மன்றாடச் சொல்கிறார். பணம் திரட்டி, பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பிவைக்கிறார். கிரேக்கப் பாடத்தில் இரண்டாயிரம் திராக்மா வெள்ளி. இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இது வீண் வேலையாக இருந்திருக்கும் என்று ஆசிரியரே சேர்த்துச் சொல்கிறார்.

சீர்திருத்த சபைகள் மக்கபேயர் நூலைத் தங்கள் விவிலியத்தில் வைத்திருப்பதில்லை. அந்தச் சபைகளைச் சேர்ந்த நண்பரோடு பேசும்போது இது முதலிலேயே தெரிந்திருந்தால் வீண் வாக்குவாதம் மிச்சம். அவர்களும் ஏற்கும் நூல்களில் 1 கொரிந்தியர் 3:11-15 இருக்கிறது: கட்டியவரின் வேலை நெருப்பில் சோதிக்கப்படுகிறது, எரிந்துபோனால் அவருக்கு இழப்பு, ஆனால் அவர் நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவர்போல மீட்கப்படுகிறார். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கத்தோலிக்கர் விளக்குவதுபோல விளக்குவதில்லை. ஆனால் இறந்தவர்களுக்காக இடைவிடாமல் மன்றாடுகிறார்கள். பிரிவினைகளுக்கு முன்பே இருந்த பழக்கம் என்பதற்கு இது ஒன்றே போதும். 387-ல் ஒஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்த மோனிக்கா, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தன் மகன்களிடம் கேட்டார். மகன்களில் ஒருவர் புனித அகுஸ்தினார்.

பூசை ஒப்புக்கொடுப்பது

இறந்தவருக்குச் செய்யக்கூடியவற்றில் முதலிடம் திருப்பலிக்கு. பங்கு அலுவலகத்தில் பெயரையும் நாளையும் எழுதிக்கொடுத்தால் அந்தக் கருத்துக்காகக் குரு பூசை வைப்பார். கருத்து என்றால் பூசை யாருக்காக, எதற்காக என்ற நோக்கம். காணிக்கை பூசைக்கான விலை அல்ல. வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 947. காணிக்கை தர வழியில்லாதவர் கூச்சப்படாமல் கேட்கலாம். ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் பூசை வைக்கும்படி 945-ம் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட காணிக்கைப் பணம் குருவின் தவறு இல்லாமலே தொலைந்துபோனாலும் பூசை வைக்கும் கடமை தீர்வதில்லை (சட்டம் 949).

இங்கே அடிக்கடி வரும் மனவருத்தம் ஒன்று உண்டு. "பூசையில் அப்பா பெயரை வாசிக்கவே இல்லை" என்று கலங்கிப்போகிறார்கள். பெயரை உரக்கச் சொல்வது மக்கள் சேர்ந்து ஜெபிப்பதற்காக. பூசை யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது குருவின் கருத்து. வாசிக்க மறந்தாலும் பூசை அவருக்காகத்தான். பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொள்வது அதைவிடப் பெரிய இழப்பு. பூசை நடக்கத்தான் செய்யும், ஆனால் நீங்களும் வந்து நற்கருணை வாங்கி ஒப்புக்கொடுத்தால் உங்கள் அன்பும் அந்தப் பலியோடு சேர்கிறது.

கிரகோரியன் பூசைகள் என்பது ஒரே இறந்தவருக்காக, 30 நாள் இடைவிடாமல், நாளுக்கு ஒன்றாக 30 பூசைகள். ஒரே குரு, ஒரே கோவில் என்ற கட்டாயம் இல்லை. உயிரோடு இருப்பவருக்காக இவற்றைக் கேட்க முடியாது. ஒரே தொகுப்பில் இரண்டு மூன்று பேரைச் சேர்க்கவும் முடியாது. புனித பெரிய கிரகோரியாரின் மடத்தில் மூன்று பொற்காசுகளை ஒளித்துவைத்திருந்த யுஸ்துஸ் என்ற துறவிக்காக 30 நாள் பலி ஒப்புக்கொடுக்கப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து வந்த பழக்கம். ஒரே பங்குக் குருவிடம் பல கருத்துகள் காத்திருக்கும்போது 30 நாளைத் தொடர்ந்து ஒதுக்குவது கடினம். துறவு மடங்களில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடக்கத் திருப்பலிக்கு நாள் குறிக்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய வியாழன் முதல் உயிர்ப்புப் பெருவிழா வரையிலும், திருவருகை, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகளிலும், பூசைக்கு வருவது கடமையான கடன் பெருவிழாக்களிலும் அடக்கத் திருப்பலி வைக்க முடியாது. அந்த நாட்களில் இறைவார்த்தை வழிபாட்டோடு அடக்கம் செய்துவிட்டு, பூசையைப் பின்னர் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். குரு மறுக்கிறார் என்று கோபப்பட்டுப் பயனில்லை.

நவம்பர் முதல் எட்டு நாட்கள்

குளூனி மடாதிபதி புனித ஒடிலோ தம் மடங்களில் தொடங்கிய வழக்கத்திலிருந்து நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளாகப் பரவியது. முதல் உலகப் போரின் நடுவே, 1915-ல், திருத்தந்தை 15-ம் பெனடிக்ட், நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்க அனுமதி கொடுத்தார். சாவுகள் குவிந்த ஆண்டு அது.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய், வாய்விட்டோ மனத்துக்குள்ளோ இறந்தவர்களுக்காக ஜெபித்தால், நாளுக்கு ஒரு பரிபூரண பலன் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்குக் கிடைக்கும். பலன் என்பது முன்னே பார்த்த அந்த எஞ்சிய விளைவு நீங்குவது. பரிபூரண பலன் என்றால் முழுவதும். நிபந்தனைகள்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஜெபம் (ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் போதும்), அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்தின் மீதும் பற்று இல்லாத மனம்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். அக்டோபர் 30 அன்று ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். எட்டு நாளும் கல்லறைக்குப் போகிறார். அந்த ஒரே பாவசங்கீர்த்தனம் எட்டுக்கும் போதும். சில நாள் முன்பின் ஆனாலும் குற்றமில்லை, ஏறக்குறைய 20 நாள் வரை ஏற்கப்படுகிறது. ஆனால் நற்கருணையும் திருத்தந்தைக்கான ஜெபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வேண்டும். எட்டு நாள் போய், ஒரு ஞாயிறு மட்டும் நற்கருணை வாங்கினால், பரிபூரண பலன் ஒன்றுதான். மற்ற நாட்களுக்கு அரைகுறைப் பலன். ஒரே நாளில் மூன்று கல்லறைத் தோட்டங்களுக்குப் போனாலும் பரிபூரண பலன் ஒன்றே. கடினமான நிபந்தனை பாவப் பற்று இல்லாமை. இனி எந்தப் பாவத்தையும் வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்ற மனமே அது. பலவீனத்தால் பிறகு விழுவது வேறு விஷயம். இந்த மனம் குறைந்தால் பலன் அரைகுறையாகிறது, வீணாவதில்லை.

பழைய ஜெபப் புத்தகங்களில் "300 நாள் பலன்" என்று அச்சிட்டிருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆதித் திருச்சபையின் முறையில் 300 நாள் தவம் செய்ததற்கு ஈடு என்பதுதான் அதன் பொருள். இந்தக் குழப்பத்துக்கு இடமில்லாமல் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ல் நாள் கணக்கையே எடுத்துவிட்டார். "இதைச் சொன்னால் ஆயிரம் ஆன்மாக்கள் விடுதலை" என்று சுற்றிவரும் துண்டுத்தாள்களைத் திருச்சபையின் போதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனம் அலைபாயும் சில இடங்கள்

தற்கொலை செய்துகொண்டவருக்காக ஜெபிக்கலாமா? ஜெபிக்க வேண்டும். மனநோய், கொடிய அச்சம், தாங்க முடியாத வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று மறைக்கல்வி சொல்கிறது. மனம் திரும்பும் வாய்ப்பைக் கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கொடுக்க முடியும் என்றும் சொல்கிறது (மறைக்கல்வி எண்கள் 2282-2283). 1917-ன் சட்டத்தொகுப்பில் இவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் விதி இருந்தது. 1983-ன் தொகுப்பில் அது இல்லை. இன்னும் பழைய விதியைச் சொல்லிக் குடும்பத்தைப் புண்படுத்துகிறவர்கள் உண்டு, அது தவறு.

திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தையைக் கடவுளின் இரக்கத்திடம் திருச்சபை ஒப்படைக்கிறது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க நினைத்திருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபைச் சடங்குகளோடு அடக்கம் செய்யலாம். திருமுழுக்குப் பெற்று, விவரம் தெரியும் வயதுக்கு முன் இறந்த குழந்தை விண்ணகத்தில் இருக்கிறது. அங்கே தேறுதல் தேவைப்படுவது பெற்றோருக்கு, ஜெபமும் அவர்களுக்காக. வேறு மதத்தில் இறந்த உறவினருக்காகவும் ஜெபிக்கலாம். கடவுள் மட்டுமே அறிந்த விசுவாசம் கொண்டு இறந்தவர்களை நான்காம் நற்கருணை மன்றாட்டு நினைவுகூர்கிறது.

இறந்தவருக்காகக் கடவுளிடம் பேசலாம். குறிகாரர் மூலம் இறந்தவரை வரவழைத்துப் பேசக் கூடாது. இணைச்சட்டம் 18:10-11 தடுப்பது இதைத்தான்.

உடலைத் தகனம் செய்வது 1963 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காத வரை. அடக்கமே திருச்சபையின் முதல் விருப்பம். சாம்பலைத் தூவிவிடக் கூடாது, கல்லறையிலோ அதற்கென உள்ள புனித இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2016-ல் விளக்கம் வந்தது.

இனி, குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. நோயாளி பயந்துவிடுவார் என்று குருவைக் கூப்பிடாமல் தள்ளிப்போடுகிறார்கள். மூச்சு நின்ற பிறகு ஓடுகிறார்கள். அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவருக்கானவை. உயிர் பிரிந்தது உறுதியாகிவிட்டால் நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம், கொடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் மட்டுமே கொடுக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே கூப்பிட்டால் பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், வழித்துணையாக நற்கருணை மூன்றும் கிடைக்கும். சாகப்போகிறவருக்கு மட்டுமே என்று பழைய பெயரான அவஸ்தைப்பூசுதல் நினைக்கவைத்துவிட்டது. கடுமையான நோய் தொடங்கும்போதே அதைப் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

எத்தனை காலம் ஜெபிப்பது? மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று பழைய வழக்கம் உண்டு; ஆனால் இத்தோடு போதும் என்று திருச்சபை எந்த எல்லையும் வைக்கவில்லை. "நல்ல மனுஷி, நேரே மோட்சம் போயிருப்பார்" என்று நாமே முடிவுசெய்து ஜெபத்தை நிறுத்துவது அன்பாகத் தோன்றும். திருச்சபை புனிதராக அறிவிக்காதவர் விஷயத்தில் நமக்கு அது தெரியாது. அவர் ஏற்கெனவே விண்ணகத்தில் இருந்தாலும் அந்த ஜெபம் வீண்போவதில்லை. கேட்பாரற்று இருக்கும் வேறோர் ஆன்மாவுக்குக் கடவுள் அதைக் கொடுப்பார் என்று நம்பலாம். நீளமான ஜெபம் தெரியாவிட்டால் இது போதும், பெயரைச் சொல்லி இரவில் ஒரு முறை: நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக.